கரண்ட் பில்லில் ஒரு சார்பு: கணக்கு வகுப்புக்குக் கணினி எங்கே உதவும்?

கேள்வி: திருச்சி மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் 9, 10 ஆம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். பத்தாம் வகுப்பில் 42 பேர். ஆய்வகத்தில் 10 கணினிகளும் புரொஜெக்டரோடு ஒரு ஸ்மார்ட் போர்டும் இருக்கின்றன. நெட் வரும், போகும். "இதெல்லாம் வாழ்க்கையில எங்க டீச்சர் வரப்போகுது?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். வீடியோ போட்டேன், ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் அசையும் படங்கள் காட்டினேன். ஆர்வமாகப் பார்க்கிறார்கள், ஆனால் மறுநாள் கேட்டால் ஒன்றும் நிற்பதில்லை. போர்ஷன் முடிக்க வேண்டியிருப்பதால் வாரம் ஒரு பீரியடுக்கு மேல் ஆய்வகத்துக்குத் தர முடியாது. எந்தப் பாடத்தை எடுப்பது, எப்படி நடத்துவது, புரிந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: வணக்கம் டீச்சர். மறுநாள் ஒன்றும் நிற்காததற்கு வீடியோவின் தரம் காரணமில்லை. பிள்ளைகளின் மனதில் கேள்வி எழும் முன்பே திரை விடையைச் சொல்லிவிடுகிறது. "பாலம் கட்ட முக்கோணவியல் வேண்டும்" என்று ஒரு வீடியோ சொன்னால் பிள்ளைகள் தலையாட்டத்தான் முடியும், அதைச் சரிபார்க்க அவர்களிடம் எதுவும் இல்லை.

ஆய்வகத்துக்கு எடுத்துப்போகும் பாடத்தை இரண்டு கேள்வி கேட்டுத் தேர்ந்தெடுங்கள். கணினி சொல்லும் விடையைத் திரைக்கு வெளியே இருக்கும் ஒன்றோடு, அதாவது ஒரு பில்லோடோ டேப் அளவோடோ கடை விலைப்பலகையோடோ, ஒப்பிட்டுப் பார்க்க முடியுமா? அதே கணக்கை எண்களை மாற்றி மாற்றிப் பலமுறை போட வேண்டியிருக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் கணினி தேவை. ஒரே தடவை போடும் கணக்குக்குக் கரும்பலகையே போதும். அதை ஸ்மார்ட் போர்டில் எழுதினால் சாக்பீஸ் தூசி குறையும், அவ்வளவுதான்.

பத்தாம் வகுப்பின் முதல் இயலான 'உறவுகளும் சார்புகளும்' பகுதிக்குக் கரண்ட் பில்லை விடப் பொருத்தமான பொருள் கிடைப்பது அரிது. பெரும்பாலான பிள்ளைகளின் வீட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அது பேச்சுக்கு வருகிறது. ஒவ்வொரு யூனிட் அளவுக்கும் ஒரே ஒரு தொகை, அதுதான் சார்பு. அதோடு அதன் வரைபடம் நேர்கோடு இல்லை.

முதல் நாள் வீட்டில் இ.பி. அட்டையையோ அம்மா அப்பா போனில் வந்த குறுஞ்செய்தியையோ பார்த்து, கடைசி பில்லின் யூனிட்டையும் தொகையையும் மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வரச் சொல்லுங்கள். பெயரும் இணைப்பு எண்ணும் வேண்டாம். சீட்டுகளை ஒரு டப்பாவில் போட்டுக் கலக்கி எடுங்கள். ஒரு வீட்டில் 60 யூனிட், இன்னொரு வீட்டில் ஏ.சி. ஓடி 700 யூனிட் என்று வரும்போது அது யார் வீடு என்று வகுப்புக்குத் தெரிய வேண்டியதில்லை. வாடகை வீட்டுப் பிள்ளைகள் சிலர் சப் மீட்டர், அதாவது வீட்டுக்காரர் ஒவ்வொரு குடித்தனத்துக்கும் வைத்த தனி மீட்டர், கணக்கைக் கொண்டுவருவார்கள், அதை ஒதுக்கிவிடாதீர்கள். அது எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

கீழே நான் எடுத்திருப்பது 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த வீட்டு மின்கட்டணம். அதன் பிறகு விலைகள் மாறிவிட்டன. வகுப்பில் இன்றைய விலையைப் போடுங்கள், கணக்கின் அமைப்பைப் புரிந்துகொள்ள இது போதும். இரண்டு மாதத்துக்கு:

100 யூனிட் வரை: 0
101 முதல் 200 வரை: (யூனிட் − 100) × 2.25
201 முதல் 400 வரை: 225 + (யூனிட் − 200) × 4.50
401 முதல் 500 வரை: 1,125 + (யூனிட் − 400) × 6
501 முதல் 600 வரை: 1,950 + (யூனிட் − 500) × 8

கடைசி வரியில் 1,725 என்று தொடங்காமல் 1,950 என்று தொடங்குவதைக் கவனியுங்கள். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரைக்கான 2.25 ரூபாய்ச் சலுகை போய்விடுகிறது, அந்த 100 யூனிட்டுக்கும் 4.50 விழுகிறது. பாடத்தின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் இதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்.

ஆய்வகத்துக்குப் போனதும் கணினியைத் தொடும் முன் நோட்டில் இரண்டு அச்சு வரையச் சொல்லுங்கள். கிடையச்சில் யூனிட், செங்குத்தச்சில் ரூபாய். பில் எப்படி ஏறும் என்று ஊகித்து ஒரு கோடு போடட்டும். பெரும்பாலோர் ஆதிப்புள்ளியிலிருந்து ஒரே சாய்கோடு இழுப்பார்கள், சிலர் படிக்கட்டு வரைவார்கள். இரண்டும் தவறுதான், இருந்தாலும் அழிக்க விடாதீர்கள், பேனாவால் வரையச் சொல்லுங்கள். இதற்கு ஐந்து நிமிடம் போதும். இந்த ஐந்து நிமிடம் இல்லாவிட்டால் மீதி 35 நிமிடமும் பழையபடி வேடிக்கைதான்.

42 பேருக்கு 10 கணினி என்றால் எட்டில் நான்கு பேர், இரண்டில் ஐந்து பேர் உட்கார வேண்டும். விட்டால் ஒருவன் தட்டுவான், மற்றவர்கள் ஜன்னலைப் பார்ப்பார்கள். ஆளுக்கு ஒரு வேலை கொடுங்கள். ஒருவர் தட்டச்சு, ஒருவர் சீட்டைப் படிப்பவர், ஒருவர் அதே கணக்கைக் கையால் போடுபவர், இன்னொருவர் இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பவர். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறட்டும். வீட்டில் கணினி வைத்திருக்கும் பிள்ளையை முதலில் கீபோர்டில் உட்கார வைக்காதீர்கள்.

லிப்ரே ஆபீஸ் கால்க் என்ற அட்டவணை மென்பொருளே போதும், நெட் வேண்டாம். முதல் நெடுவரிசையில் 0, 10 என்று இரண்டு கட்டங்களில் அடித்து, இரண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, மூலையிலுள்ள சின்னச் சதுரத்தைப் பிடித்து 600 வரை இழுக்க வேண்டும். ஒரே கட்டத்தைப் பிடித்து இழுத்தால் பத்துப் பத்தாக ஏறாது, ஒவ்வொன்றாகத்தான் ஏறும். கட்டண விலைகளைச் சூத்திரத்துக்குள் எழுதாமல் பக்கத்தில் தனிக் கட்டங்களில் வைக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை கட்டணம் மாறினால் அந்தக் கட்டங்களை மட்டும் மாற்றினால் போதும்.

இரண்டாம் நெடுவரிசையில் 'இஃப்' கட்டளைகளை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்துப் பில் தொகையைக் கணக்கிட வேண்டும். வழக்கமாகத் தகராறு வரும் இடங்கள் மூன்று. ஒன்று, வரிசை. "100-க்குள்ளா?" என்பதில் தொடங்கி மேலே போக வேண்டும். "500-க்குள்ளா?" என்று முதலிலேயே கேட்டால் 50 யூனிட்டும் அந்த வலையில் விழுந்து, பில் மைனஸில் வரும். அப்படி வந்தால் நல்லதுதான், மைனஸ் பில் எப்படி வந்தது என்று அவர்களே தேடட்டும். இரண்டு, டாலர் குறி. விலை இருக்கும் கட்டத்தின் முகவரியில் டாலர் குறி போட்டுப் பூட்டாமல் சூத்திரத்தைக் கீழே இழுத்தால் முகவரியும் சேர்ந்து நகர்ந்து காலிக் கட்டத்தைப் பிடிக்கும், பில் தப்பாக வரும். முகவரி மேல் கர்சரை வைத்து எஃப்4 அழுத்தினால் குறி தானாக விழும். மூன்று, சில கணினிகளில் கட்டளைக்குள் காற்புள்ளி செல்லாது, அரைப்புள்ளிதான் செல்லும். பத்துக் கணினியில் இரண்டு மட்டும் பிழை காட்டினால் முதலில் இதைப் பாருங்கள்.

வாரம் ஒரு பீரியட் என்பதால் முதல் தடவை சூத்திரம் உள்ள கோப்பை நீங்களே பென் டிரைவில் கொண்டுபோய், ஒரே ஒரு வரியை, அதாவது 201 முதல் 400 வரையுள்ள வரியை மட்டும், காலியாக விட்டுக் கொடுங்கள். அந்த வரியில்தான் எல்லோரும் சறுக்குவார்கள். 300 யூனிட்டுக்கு 300 × 4.50 என்று போட்டு 1,350 என்பார்கள். சரியான தொகை 675. இங்கே டப்பாவிலிருந்து எடுத்த சீட்டு வேலை செய்கிறது. அதில் உள்ள யூனிட்டைப் போட்டு, வந்த தொகையையும் சீட்டில் உள்ள தொகையையும் ஒப்பிட்டால் தவறு தானே தெரியும். பழைய பாக்கி, தாமதக் கட்டணம் இருந்தால் கொஞ்சம் வேறுபடும். பாதிக்குப் பாதி வேறுபட்டால் சூத்திரம்தான் தப்பு. "தப்பு" என்று நீங்கள் சொல்ல வேண்டியதே இல்லை.

அடுத்து வரைபடம். கால்க் வரைபடம் போடும்போது 'லைன்' வகையைத் தேர்ந்தெடுக்கவே கூடாது, 'எக்ஸ்ஒய் ஸ்கேட்டர்' வகைதான் வேண்டும். லைன் வகை யூனிட்டை எண்ணாகப் பார்க்காமல் வெறும் பெயராகப் பார்த்துச் சம இடைவெளியில் அடுக்கிவிடும். பத்துப் பத்தாகப் போகும்வரை வித்தியாசம் தெரியாது. நடுவில் 501 என்று ஒரு வரி சேர்த்தால் சாய்வு முழுக்கப் பொய்யாகிவிடும். அந்த 501 கண்டிப்பாக வேண்டும், ஏனென்றால் 500-க்கு 1,725, 501-க்கு 1,958. அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய். இதைத் திரையில் பார்த்ததும் வகுப்பில் சத்தம் கிளம்பும், கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள்.

மென்பொருளோ 500-ஐயும் 501-ஐயும் கிட்டத்தட்ட செங்குத்தான ஒரு கோட்டால் இணைத்துவிடும். அது கணக்குப்படி தவறு. இரண்டுக்கும் நடுவே ஒரு வரிசையைக் காலியாக விடுங்கள், கோடு அங்கே முறியும். அப்படியும் முறியாவிட்டால் 500 வரை ஒரு தொடர், 501-லிருந்து இன்னொரு தொடர் என்று பிரித்துப் போடுங்கள். குத்துக்கோட்டுச் சோதனையை, அதாவது எந்தச் செங்குத்துக் கோடும் வரைபடத்தை ஓரிடத்துக்கு மேல் வெட்டவில்லையா என்று பார்ப்பதை, புத்தகப் படத்தில் நடத்துவதை விட, கணினியே இழுத்துவிட்ட, செங்குத்துப் போலத் தெரியும் அந்தக் கோட்டை வைத்து "இது சார்பா?" என்று கேட்டால் சோதனை எதற்கு என்று புரியும்.

முதல் 100 யூனிட்டைப் பாருங்கள், கோடு அச்சோடு படுத்துக் கிடக்கிறது. 30 யூனிட்டுக்கும் பூஜ்யம், 90 யூனிட்டுக்கும் பூஜ்யம். பில் பூஜ்யம் என்று மட்டும் சொன்னால் எத்தனை யூனிட் என்று கண்டுபிடிக்க முடியுமா? முடியாது, எனவே ஒன்றுக்கொன்றான சார்பு இல்லை. 150 யூனிட்டிலிருந்து எடுத்துக்கொண்டால்? மதிப்பகத்தை, அதாவது எடுத்துக்கொள்ளும் யூனிட்டுகளின் எல்லையை, சுருக்கினால் ஒன்றுக்கொன்றாகிவிடுகிறது. சாய்வுகள் 0, 2.25, 4.50, 6, 8 என்று மாறுவது ஆயத்தொலை வடிவியலுக்குப் போகும் வழி. அளவுத்திட்டம் தேர்ந்தெடுப்பதும் இங்கேயே பழகும். பொதுத்தேர்வில் 8 மதிப்பெண் வரைபடக் கேள்வியில் பலர் கோட்டை விடுவது அளவுத்திட்டத்தில்தான்.

நேரம் இருந்தால், இல்லாவிட்டால் அடுத்த வாரம், ஃபேன் கணக்கைக் கொடுங்கள். 75 வாட் ஃபேன் தினம் 10 மணி நேரம், 60 நாள் ஓடினால் 45 யூனிட். குறைந்த மின்சாரத்தில் ஓடும் 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் அதே நேரம் ஓடினால் 18 யூனிட். மிச்சம் 27 யூனிட். ஃபேனை மாற்றினால் ரூபாயில் எவ்வளவு மிச்சம்? கோப்பில் மூன்று வீட்டைப் போட்டுப் பார்க்கட்டும். 95 யூனிட் வீட்டுக்கு மிச்சம் பூஜ்யம், ஏற்கெனவே பில் இல்லை. 320 யூனிட் வீட்டுக்கு 765-லிருந்து 643.50 ஆகி 121.50 மிச்சம். 520 யூனிட் வீட்டுக்கு 2,110-லிருந்து 1,683 ஆகி 427 மிச்சம். ஃபேனும் ஒன்று, 27 யூனிட்டும் ஒன்று, விடை மட்டும் மூன்று. விளம்பரத்தில் "இவ்வளவு மிச்சம்" என்று ஒரே எண்ணைப் போடுவது யார் வீட்டை வைத்து என்று அவர்களே கேட்பார்கள்.

இப்போது சப் மீட்டர் சீட்டுகள். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வீட்டுக்காரர் வாங்கினால் அது ஆதிப்புள்ளி வழியே போகும் நேர்கோடு. அதே வரைபடத்தில் அதையும் வரையுங்கள். 150 யூனிட்டுக்கு நேர்கோடு 1,200 காட்டும், தனி இணைப்பாக இருந்தால் 112.50. உடனே "ஏமாத்துறாங்க" என்பார்கள். அதையும் கணக்கால் சோதிக்க வையுங்கள். தலா 150 யூனிட் ஓடும் நான்கு குடித்தனம் ஒரே இணைப்பில் இருந்தால் மொத்தம் 600 யூனிட், பில் 2,750, சராசரி யூனிட்டுக்கு 4.58. 112.50-உம் இல்லை, 1,200-உம் இல்லை, ஒரு குடித்தனத்துக்கு 687.50 வருகிறது. விவாதத்தை எண்ணோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் பிள்ளையும் அதே வகுப்பில் இருக்கலாம்.

முக்கோணவியலுக்கு ஆய்வகம் இரண்டாவது, மைதானம்தான் முதலில். புத்தகத்தில் ஏற்றக்கோணம் எப்போதும் 30, 45, 60 என்றே வருவதால், கோணத்தை ஒருவர் அளக்க வேண்டும், அந்த அளவில் பிழை இருக்கும் என்பதே பிள்ளைகளுக்குத் தோன்றுவதில்லை. வேண்டியவை 30 மீட்டர் டேப், உங்கள் ஒரு போன், கோணம் காட்டும் ஒரு செயலி. பிள்ளைகளின் போன்கள் தேவையில்லை. போனின் பட்டன் இல்லாத விளிம்பில் ஒரு ஸ்ட்ராவை செல்லோ டேப்பால் ஒட்டி, அதன் வழியே உச்சியைப் பார்க்க வேண்டும். முதுகுப் பக்கம் வைத்து அளக்காதீர்கள், கேமரா மேடு ஓரிரு டிகிரி சாய்த்துவிடும். தொடங்கும் முன் ஸ்ட்ரா ஒட்டிய விளிம்பைச் சமமான மேசையில் வைத்துச் செயலி பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பார்ப்பவர் ஒருவர், எண்ணைப் படிப்பவர் வேறொருவர். பார்த்துக்கொண்டே படிக்கப் போனால் கை ஆடிவிடும். மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள்.

முதலில் அளப்பது உயரம் தெரிந்த ஒன்றாக இருக்கட்டும். மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து ஆசிரியர் ஒருவர் டேப்பைத் தொங்கவிட்டு உயரத்தைக் குறித்து மறைத்துவைத்துக்கொள்ளலாம். பிள்ளைகளின் விடை எல்லாக் குழுவுக்கும் ஒன்றரை மீட்டர் போலக் குறைவாக வந்தால் கண் உயரத்தைக் கூட்ட மறந்திருக்கிறார்கள். அடுத்து தண்ணீர்த் தொட்டிக்குப் போனால், தூரத்தை அருகிலுள்ள தூணிலிருந்து அளக்கக் கூடாது, உச்சிக்கு நேர் கீழே உள்ள புள்ளியிலிருந்து அளக்க வேண்டும். தென்னை வேண்டாம், சாய்ந்த மரத்தின் உச்சிக்கு நேர் கீழே அதன் அடி இருக்காது.

எங்கே நின்று அளப்பது என்பதற்குத்தான் கால்க் வேண்டும். கண் மட்டத்துக்கு மேல் 12 மீட்டர் உயரமுள்ள பொருளை 12 மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் 45 டிகிரி. தவறி 46 என்று படித்தால் விடை 12.43, பிழை அரை மீட்டருக்கும் குறைவு. மூன்றே மீட்டர் தள்ளி நின்றால் கோணம் 76 டிகிரி. 76-க்கு 12.03 மீட்டர், 77 என்று படித்தால் 12.99. ஒரே டிகிரி தவறுதான், கிட்டத்தட்ட ஒரு மீட்டர் போய்விட்டது. தூரத்தை மாற்றி மாற்றி இந்த அட்டவணையைப் போட்டால், சதவீதப்படி பிழை மிகக் குறைவாக வரும் இடம் 45 டிகிரி பக்கம் என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கால்க்கின் 'டேன்' கட்டளை டிகிரியை எடுத்துக்கொள்ளாது, கோணத்தின் இன்னொரு அலகான ரேடியனைத்தான் எடுத்துக்கொள்ளும். 45 கொடுத்தால் 1 வர வேண்டிய இடத்தில் 1.62 வரும். பத்தாம் வகுப்பில் ரேடியன் இல்லை, எனவே 'ரேடியன்ஸ்' கட்டளையால் மாற்றிவிட்டுப் பிறகு டேன் எடுக்கும்படி கோப்பை நீங்களே தயாரித்துக் கொடுங்கள். ஜியோஜீப்ராவிலும் எண்ணுக்குப் பின் டிகிரிக் குறி போடாவிட்டால் இதே கதைதான்.

திருச்சி மாவட்டம் என்கிறீர்கள். ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 236 அடி, அதாவது சுமார் 72 மீட்டர், 1987-இல் கட்டி முடிக்கப்பட்டது. கோபுரத்தின் அடி அகலமானது, கலசத்துக்கு நேர் கீழே டேப்பைக் கொண்டுபோக முடியாது. இரண்டு இடத்தில் நின்று இரண்டு கோணம் எடுக்கும் கணக்கு எதற்கு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். 100 மீட்டர், 60 மீட்டர் என 40 மீட்டர் இடைவெளியில் நின்றால் கோணங்கள் 35-க்கும் 50-க்கும் அருகில் வரும். 35, 50 என்று படித்தால் கண் உயரம் 1.5 சேர்த்து 69.4 மீட்டர், 35, 49 என்று படித்தால் 73.1. ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 4 மீட்டர் வித்தியாசம், பரவாயில்லை. இடைவெளியை 10 மீட்டராகச் சுருக்கி 100, 90 மீட்டரில் நின்றால்? 35, 38 என்று படித்தால் 69 மீட்டர், 35, 39 என்று படித்தால் 53.3 மீட்டர். ஒரே டிகிரியில் ஐந்து மாடி காணாமல் போகிறது. இரண்டு இடங்களுக்கும் நடுவே நல்ல இடைவெளி விட வேண்டும் என்பது விதியாகச் சொன்னால் மறந்துபோகும், இந்த இரண்டு எண்ணைப் பார்த்தால் மறக்காது. கோபுரத்துக்குப் போக முடியாவிட்டால் கணக்கை மட்டும் கோப்பில் போட்டு, அளப்பதை உங்கள் ஊர்க் கோயில் கோபுரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

புள்ளியியலுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உழவர் சந்தை விலைப்பலகையிலிருந்தோ காய்கறிக் கடையிலிருந்தோ தக்காளி, உருளைக்கிழங்கு விலையைப் பத்து நாள் குறித்துவரச் சொல்லி மாறுபாட்டுக் கெழுவை, அதாவது திட்ட விலக்கம் சராசரியில் எத்தனை சதவீதம் என்பதை, கண்டுபிடிக்க வையுங்கள். உதாரணத்துக்குத் தக்காளி 24, 28, 30, 26, 40, 46, 38, 32, 26, 30 என்று இருந்தால் சராசரி 32, திட்ட விலக்கம் 6.75, மாறுபாட்டுக் கெழு 21 சதவீதம். உருளை 38-க்கும் 42-க்கும் நடுவிலேயே நின்றால் கெழு 3 சதவீதத்தைச் சுற்றித்தான் வரும். ஹோட்டல்காரர் எதன் விலையை நம்பி மெனு கார்டு அச்சடிக்கலாம் என்பது கேள்வி. கவனிக்க வேண்டியது ஒன்றுதான். கால்க்கில் திட்ட விலக்கத்துக்கு இரண்டு கட்டளைகள் உண்டு. பெயரின் முடிவில் 'பி' உள்ளது உறுப்புகளின் எண்ணிக்கையால் வகுக்கும், பாடப்புத்தகம் செய்வதும் அதுதான். 'பி' இல்லாதது எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்துவிட்டு வகுக்கும். மேலே உள்ள தக்காளிக்கு அது 7.12 காட்டும். கையால் போட்ட பிள்ளை சரியாகப் போட்டும் கணினியோடு ஒத்துப்போகவில்லை என்று அழித்து எழுதும், அந்த அநியாயம் நடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் வகுப்புக்கு வண்டிக் கடன் நன்றாக எடுபடும். 60,000 ரூபாய் கடன், 10 சதவீத 'பிளாட்' வட்டி, இரண்டு வருடம். வட்டி 12,000, மொத்தம் 72,000, மாதம் 3,000 வீதம் 24 தவணை. கணக்கு சரிதானே என்பார்கள். கால்க்கில் மாதம் ஒரு வரியாக நிலுவை, அன்றைய நிலுவைக்கு வட்டி, கட்டியது, மீதி நிலுவை என்று நான்கு நெடுவரிசை போடுங்கள். வட்டியை வருடத்துக்கு 10 சதவீதம் என்று வைத்தால் 24-ஆம் தவணைக்கு முன்பே கடன் தீர்ந்து மீதி மைனஸுக்குப் போய்விடும். சதவீதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, கடைசி வரியில் நிலுவை பூஜ்யம் வரும்வரை பார்க்கட்டும். 18 சதவீதத்தில் இன்னும் 130 ரூபாய் மைனஸ் இருக்கும், 18.16 வைத்தால் சரியாக நிற்கும். தவணை கட்டக் கட்ட அசல் குறைந்தும் முழு அசலுக்கே வட்டி போட்டதன் விளைவு இது. இதற்கு நோட்டில் 24 வரி கணக்கைப் பத்துத் தடவை போடச் சொல்ல முடியாது. கணினி வேண்டும் என்று நான் சொல்வது இதுபோன்ற இடத்தில்தான்.

ஜியோஜீப்ராவை நீங்கள் விட்டுவிட வேண்டியதில்லை, ஸ்லைடரை நகர்த்தும் முன் "எங்கே போகும்?" என்று எழுதி வாங்குங்கள், அது போதும். போட்டோவில் பரவளையம் பொருத்தும் பயிற்சியை மட்டும் பார்த்துச் செய்யுங்கள். இரண்டு கம்பத்துக்கு நடுவே தொங்கும் ஒயரைப் படம் பிடித்து "இதோ பரவளையம்" என்று காட்டுகிறார்கள். தன் எடையில் தொங்கும் ஒயர் பரவளையம் அல்ல, கேட்டனரி என்ற வேறொரு வளைவு. கண்ணுக்கு ஒட்டிப்போவதால் மட்டும் சூத்திரம் சரியாகிவிடாது. குழாயிலிருந்து சாய்வாகப் பாயும் தண்ணீர் சரியான உதாரணம், படத்தைப் பக்கவாட்டில் நேராக நின்று எடுக்க வேண்டும்.

நெட்டை நம்பாதீர்கள். ஜியோஜீப்ரா கிளாசிக் 5-ஐ ஒருமுறை இறக்கிப் பத்துக் கணினியிலும் நிறுவிவிட்டால் நெட் இல்லாமல் ஓடும். போர்டில் பேனா ஓரிடம், கோடு ஓரிடம் விழுந்தால் புரொஜெக்டரை யாரோ இடித்திருக்கிறார்கள், வகுப்பு தொடங்கும் முன் கேலிப்ரேட் செய்துவிடுங்கள். கடைசிப் பெஞ்சுக்குத் தெரிய வேண்டுமானால் கால்க்கை 200 சதவீதத்துக்குப் பெரிதாக்குங்கள், வரைபடக் கோடு கெட்டியான கருநீலத்தில் இருக்கட்டும். பகல் வெளிச்சத்தில் மஞ்சள் கோடு தெரியாது. கரண்ட் போகும் நாளுக்காக 0 முதல் 600 வரையிலான பில் அட்டவணையைப் பத்துப் பிரதி எடுத்து வையுங்கள். அன்று வரைபடத் தாளில் கையால் வரையட்டும், பாடம் நிற்காது.

புரிந்ததா என்று பார்க்கத் திரையை அணைத்துவிட்டு மறுநாள் வகுப்பறையிலேயே கேளுங்கள். "460 யூனிட்டுக்கு எவ்வளவு?" என்பது இலகு, 1,485 என்று சூத்திரத்தை மனப்பாடம் செய்தவரும் சொல்லிவிடுவார். "எங்கள் வீட்டுக்கு இந்தத் தடவை பில் சரியாக 1,800 ரூபாய், பாக்கி எதுவும் இல்லை என்று ஒருவர் சொல்கிறார், நம்பலாமா?" என்று கேளுங்கள். மேலே உள்ள அட்டவணைப்படி 1,725-க்கும் 1,958-க்கும் நடுவே எந்தத் தொகையும் வராது, அந்தச் சார்பின் வீச்சகத்தில், அதாவது வரக்கூடிய தொகைகளில், அங்கே ஓட்டை. வரைபடத்தைக் கண்ணுக்குள் கொண்டுவந்து "வராதே டீச்சர்" என்று சொல்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். பாதிக்கும் குறைவாக இருந்தால் அடுத்த பாடத்துக்கு ஆய்வகம் போகும் முன், அந்த முறிந்த வரைபடத்தை இன்னொரு தடவை கையால் வரைய வையுங்கள்.